கருமேகத்தில் கறுப்பு எங்கே இருக்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கம் ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தவர்கள் தலைப்பை நானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெண்களும் ஊடகமும், மொழியும் இளைஞர்களும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் மேகத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். காரணம், எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு காலை நேர நேரலை ஒன்றில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான அங்கத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி எழுந்து, "அக்கா, வெள்ளை மேகமும் தண்ணிதான், மழை மேகமும் தண்ணிதான். அப்புறம் ஏன் ஒண்ணு வெள்ளையா இருக்கு, ஒண்ணு கறுப்பா இருக்கு?" என்று கேட்டாள். என் காதுக் கருவியில் "முப்பது வினாடி" என்று குரல் வந்தது. நான் படித்தது தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா. அறிவியலை ஐந்தாம் படிவத்தோடு தலைமுழுகியவள். ஆனாலும் மைக் பிடித்த வாய்க்குத் 'தெரியாது' என்ற சொல் வருவதில்லையே! "தொழிற்சாலைப் புகையும் தூசியும் கலப்பதால் மழை மேகம் கறுத்துப்போகிறது கண்ணா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். "ஏம்மா, புகைன்னு சொன்னீங்களே, ஊர்ல ஒரு ஃபேக்டரியும் இல்லாத காலத்துல கருமேகமே வரலையா? கார்முகில்னு பேரு வச்சவன் எந்த ஃபேக்டரியப் பார்த்தான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

திருத்தம் சொல்ல ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கேட்டேன். "இதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கப்போகுது?" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பிள்ளை இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டில் இருப்பாள். நான் சொன்னதை நம்பித் தேர்வில் எழுதியிருந்தால்? ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய திருத்தம் நான்கு ஆண்டு வட்டியோடு சேர்ந்து இன்று ஓர் உரையாக வளர்ந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமிழி என்று நம்பிய காலம்

தேடிப் படிக்கத் தொடங்கியதும் எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. இந்தக் கேள்வியில் தடுமாறியவள் நான் மட்டும் அல்ல. பெரிய பெரிய மேதைகளே சறுக்கியிருக்கிறார்கள்.

1704-இல் வெளிவந்த ஒளியியல் நூலில் நியூட்டன் மேகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நீராவி மிக நுண்ணிய பகுதிகளாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, அவை ஒன்று சேர்ந்து வெவ்வேறு அளவில் உருண்டைகளாகும்போது வெவ்வேறு நிறம் காட்டும் என்பது அவர் கருத்து. அளவுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்ற மூலக்கருத்து அப்போதே அவரிடம் இருந்தது. ஆனால், சவர்க்காரக் குமிழியின் மெல்லிய படலத்தில் தெரியும் வண்ணங்களைப் போலத்தான் இதுவும் என்று அவர் எண்ணியதில் வழி மாறிப்போனது.

அந்தக் குமிழி எண்ணம் லேசில் போகவில்லை. தண்ணீர் காற்றைவிடக் கனமானது, பிறகு மேகம் எப்படி மிதக்கிறது? மேகத்தில் இருப்பவை துளிகள் அல்ல, உள்ளே வெறுமையான குமிழிகள் என்றார்கள். ஜெனீவா நகரத்து அறிஞர் சோசுர் 18ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் நம்பினார். வெப்ப இயக்கவியலின் முன்னோடிகளில் ஒருவரான ஜெர்மானியர் கிளாசியஸ்கூட, 1840களில் வானத்தின் நீலத்தை இந்தக் குமிழிகளைக் கொண்டே விளக்கினார். உண்மையில் மேகத்துளி மிகமிகச் சிறியது, ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர் குறுக்களவு. அது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் கீழிறங்கும். கீழிருந்து எழும் காற்று அதைத் தாங்கிவிடும். இப்படிப்பட்ட துளிகள் பத்து லட்சம் சேர்ந்தால்தான் நம் தலையில் விழும் ஒரு மழைத்துளி.

இதற்கிடையே 1802 டிசம்பரில் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து தயாரிப்பாளர் மேகங்களுக்குப் பெயர் வைத்தார். குமுலஸ், ஸ்ட்ராட்டஸ், சிர்ரஸ், நிம்பஸ் என்று இன்றும் வானிலை அறிக்கைகளில் புழங்கும் பெயர்கள் அவர் கொடுத்தவை. ஜெர்மானியக் கவிஞர் கோதே அவரைப் போற்றிக் கவிதையே எழுதினார். ஆனால் ஹோவர்ட் பிரித்தது மேகங்களின் வடிவத்தை. நிறத்துக்குக் காரணம் சொல்ல இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மேகம்

எனக்கு மிகவும் பிடித்துப்போனவர் ஜான் டிண்டல். அயர்லாந்தில் 1820-இல் பிறந்தவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர். மலையேற்றக்காரரும்கூட. ஆல்ப்ஸ் மலையில் வைஸ்ஹார்ன் சிகரத்தை 1861-இல் முதலில் தொட்ட குழுவில் இருந்தவர். பொதுமக்கள் முன்னிலையில் சோதனைகளைச் செய்துகாட்டிப் பேசுவதில் பெயர் பெற்றவர். அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் என்று சொல்வேன். என்ன, அவர் சரியான தகவலைச் சொன்னார்!

1868-இல் அவர் செய்தது இதுதான். நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றிவிட்டு, சில ரசாயனங்களின் ஆவியை மிகச் சிறிதளவு உள்ளே விட்டார். அறையை இருட்டாக்கி, வலுவான மின்விளக்கின் ஒளியைக் குழாய்க்குள் பாய்ச்சினார். முதலில் உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. ஒளி பட்டு ஆவி சிதைந்து, நுண்ணிய துகள்கள் உருவாகத் தொடங்கியதும் குழாய்க்குள் நீல நிறம் பூத்தது. வானத்து நீலத்துக்கு ஈடான அழகிய நீலம். சற்று நேரத்தில் துகள்கள் பெருக்கப் பெருக்க நீலம் வெளுத்தது. கடைசியில் அடர்ந்த வெள்ளை மேகமாக நின்றது.

ஒரே குழாய், ஒரே விளக்கு. உள்ளே சாயம் எதையும் கலக்கவில்லை. துகளின் பருமன் மட்டுமே மாறியது. நீல வானமும் வெண்மேகமும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் என்பதை மனிதக் கண் பார்த்தது அங்கேதான்.

டிண்டல் காட்டியதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஸ்ட்ரட் என்ற இளைஞர். பின்னாளில் ராலே பிரபு என்று அறியப்பட்டவர். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள், குறுகிய அலைகளைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும் என்று 1871-இல் அவர் நிறுவினார். அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. இந்தக் கணக்குப்படி நீலம் சிவப்பைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகம் சிதறுகிறது. 1899-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். தூசியோ நீர்த்துளியோ தேவையில்லை, காற்றின் மூலக்கூறுகளே வானத்தை நீலமாக்கப் போதும் என்றார்.

சரி, மேகம் ஏன் வெள்ளை? மேகத்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதற்குச் சிவப்பென்றும் நீலமென்றும் பாகுபாடு கிடையாது. வருகிற எல்லா வண்ணங்களையும் ஒரே மாதிரி சிதறடித்துவிடும். எல்லாம் கலந்தால் வெள்ளை. இதை நீங்கள் காப்பிக்கடையிலேயே பார்க்கலாம். பனிக்கட்டி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதையே சீவி ஐஸ் கச்சாங் போட்டால் வெள்ளை வெளேர் என்று குவிந்துவிடும். வெள்ளைப் பொடி எதையும் கடைக்காரர் சேர்க்கவில்லையே!

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பல்கள்

இந்த வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பெரிய பங்கு இருக்கிறது. 1883 ஆகஸ்ட் 27-இல் சுந்தா நீரிணையில் கிரக்காத்தோவா எரிமலை வெடித்தது. 36,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றவை ஆழிப்பேரலைகள். 800 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த சிங்கப்பூரில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள், ஏதோ கப்பல் ஆபத்தில் மாட்டிப் பீரங்கி சுடுகிறது என்று நினைத்து, தேடுவதற்கு இரண்டு நீராவிக் கப்பல்களை அனுப்பினார்கள்.

அடுத்து நடந்தது வானத்தில். செப்டம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னையில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சை ஒளியை நிறமாலைக் கருவி வைத்து ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தை அமைத்தவர் இவரே. நவம்பரில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அந்தி வானம் இப்படிச் சிவந்ததாம்: ஊர் தீப்பற்றி எரிகிறது என்று எண்ணித் தீயணைப்பு வண்டிகள் ஓடின. லண்டன் ராயல் சொசைட்டி இவற்றையெல்லாம் திரட்டி 1888-இல் தடித்த அறிக்கையாகவே வெளியிட்டது.

அந்தி மேகம் எப்போதுமே சற்றுச் சிவப்புத்தான். மேகம் ஒரு திரைச்சீலை போன்றது; எந்த நிற ஒளி விழுகிறதோ அதைக் காட்டும். அந்தியில் சூரிய ஒளி நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய், மிஞ்சிய சிவப்பும் மஞ்சளும் மேகத்தில் படிகின்றன. ஆனால் பச்சைச் சூரியனுக்கு ராலேயின் கணக்கு போதவில்லை. துகள் மிகச் சிறியதாகவும் இல்லாமல் மிகப் பெரியதாகவும் இல்லாமல், ஒளியின் அலைநீளத்துக்கு ஒத்த பருமனில் இருந்தால் என்ன ஆகும்?

இதற்கு விடை 1908-இல் வந்தது, அதுவும் வானத்தைப் பார்க்காத ஒருவரிடமிருந்து. குஸ்டாவ் மீ என்ற ஜெர்மானியர், நீரில் கலந்த நுண்ணிய தங்கத் துகள்கள் ஏன் சிவப்பாகத் தெரிகின்றன என்று கணக்குப் போட்டார். எந்தப் பருமன் உருண்டைக்கும் பொருந்தும் கணக்கு அது. கையால் போட்டு முடிக்க முடியாத அளவுக்கு நீண்டது என்பதால் வெகு காலம் கிடப்பில் கிடந்தது. கணினி வந்த பிறகு மேகம், மூடுபனி, புகைமூட்டம் எல்லாவற்றுக்கும் இன்று மீயின் கணக்குத்தான். தங்கத்தை ஆராயப் போனவர் பெயர் மேகத்துக்கு வந்து சேர்ந்தது!

கறுப்பு என்பது நிழல்

இப்போது அந்தச் சிறுமி கேட்ட உண்மையான கேள்விக்கு வருவோம். எல்லாத் துளியும் வெள்ளை என்றால் மழை மேகம் ஏன் கறுப்பு?

ஒரு கன கிலோமீட்டர் அளவுள்ள சாதாரணக் குமுலஸ் மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கும். நம் நாட்டு இடிமழை மேகமோ 15 கிலோமீட்டர் உயரம் வரைகூட எழும்பக்கூடியது. மேலே விழும் சூரிய ஒளி ஒரு துளியில் பட்டுச் சிதறும், அடுத்ததில் படும், மறுபடி சிதறும். இப்படி எண்ணற்ற முறை மோதி மோதி, பெரும்பகுதி மேல் பக்கமாகவும் பக்கவாட்டிலும் வெளியேறிவிடுகிறது. அடிப்பகுதிக்கு வந்து சேர்வது மிகச் சிறிய பங்கு. தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடவில்லை, திருப்பி அனுப்பிவிட்டது. நாம் கீழே நின்று பார்ப்பது மேகம் தன்மேலேயே போட்டுக்கொண்ட நிழலை.

சந்தேகம் இருந்தால், அடுத்த முறை பிற்பகல் விமானத்தில் சென்னைக்குப் போகும்போது சன்னலோரம் உட்காருங்கள். கீழே ஓடுபாதையில் நின்று பார்க்கையில் பயமுறுத்திய அதே கருமேகம், மேலே போனதும் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளையாக இருக்கும்.

ஒளி இப்படிப் பலமுறை மோதிக் கடப்பதைக் கணக்கிடுவது எளிதல்ல. 1905-இல் ஆர்தர் ஷூஸ்டர் அதற்கு வழி தொடங்கினார். அதை முழு நூலாக்கியவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1950-இல் வந்த அவருடைய கதிர்வீச்சுக் கடத்தல் நூல், விண்மீன்களின் வளிமண்டலத்தை மனத்தில் வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சியின் பலன். அதே கணிதம் மேகத்துக்கும் பொருந்தும். தமிழ்க் குடும்பத்தில் லாகூரில் 1910-இல் பிறந்தவர், சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். சிற்றப்பாவுக்கும் ஒளிச்சிதறலே வேலை. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்து, 'கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்பு' என்ற ராலேயின் கூற்றை ஏற்க மறுத்தவர் ராமன். தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதே கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்று சொல்கிறார்கள். ராமன் சொன்னது அதில் ஒரு பாதி. ஆனால் அந்தப் பாதிதான் அவரை 1928 பிப்ரவரியில் ராமன் விளைவுக்கும் 1930-இல் நோபல் பரிசுக்கும் கொண்டுபோய் விட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு நாள் என் பாட்டியிடம் பெருமையாக விளக்கினேன். பாட்டி பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டிவிட்டுப் பால் எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். மழை இறங்கினால் பட்டையெல்லாம் நனைந்து பால் கோடு தவறி மரத்தோடு வழிந்துவிடும், மங்கில் விழுந்ததும் மழைநீரோடு போய்விடும். அன்றைய பாடு அவ்வளவுதான். வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பாட்டி, "கறுத்துருச்சுன்னு யாரும்மா ஓடுவா? கனத்துருச்சான்னுதான் பார்ப்போம். ஓரம் பளபளன்னு இருந்து நடு மட்டும் கல்லு மாதிரி இருந்தா, வாளியத் தூக்கிக்கிட்டு ஓடணும்" என்றார். ஓரம் மெல்லியது, ஒளி புகுந்து வருகிறது, அதனால் வெள்ளி போல் மின்னுகிறது. நடு தடித்தது, ஒளி வரவில்லை. ஷூஸ்டரும் சந்திரசேகரும் போட்ட கணக்கின் விடையைப் பாட்டி 'கனம்' என்ற ஒரே சொல்லில் வைத்திருந்தார். எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

புகை செய்வது நேர்மாறு

என் தவறு இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. புகை மேகத்தைக் கறுப்பாக்கும் என்றேன் அல்லவா? பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு!

நீராவி குளிர்ந்து துளியாவதற்கு ஒரு தூசியாவது வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கென் 1880-இல் இதைச் சோதனையில் காட்டினார். புகை அதிகமானால் தூசி அதிகம்; அதே அளவு தண்ணீரைப் பங்குபோட நிறையப் பேர் வந்துவிடுவதால் துளிகள் சிறுத்து, எண்ணிக்கை பெருகும். அப்படிப்பட்ட மேகம் இன்னும் அதிக ஒளியைத் திருப்பி அனுப்பும். அதாவது, மேலிருந்து பார்க்கையில் மேகம் இன்னும் வெளுக்கும். ஷான் டூமி என்ற அறிஞர் 1970களில் இதை விளக்கினார். 1960களிலேயே செயற்கைக்கோள் படங்களில் கடல்மேல் மேகத்தில் நீண்ட வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கப்பல்கள் விட்டுச்சென்ற புகைத்தடம் அது. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்த பிறகு, அந்தக் கோடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. கரிப்புகை ஓரளவு ஒளியை விழுங்குவது உண்மைதான். ஆனால் மழை மேகத்தின் அடிப்பகுதி கறுப்பதற்கு அது காரணம் அல்ல.

நாம் நன்றாக அறிந்த புகை ஒன்று இருக்கிறது. 1997 செப்டம்பரில் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டி, அங்கே நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் சிங்கப்பூரில் 401 வரை போனது. அந்த நாள்களில் வானம் கறுத்தா கிடந்தது? சாம்பல் பூசிய வெண்மைதான். மேகத்தின் வடிவமே தெரியவில்லை. சூரியன் மட்டும் சிவப்புத் தட்டாகத் தொங்கியது. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், பார்த்தும் அந்தச் சிறுமியிடம் அப்படி ஒரு பதில் சொல்லியிருக்கிறேன்.

இந்த மேசையில் இருப்பது வெறும் கண்ணாடிக் குவளையும் தண்ணீரும்தான். கொஞ்சம் விளக்கை அணைக்கச் சொல்கிறேன். பக்கவாட்டிலிருந்து டார்ச் விளக்கு அடிக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மூன்று சொட்டுப் பசும்பால் விட்டுக் கலக்குகிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு இலேசான நீலம் தெரிகிறதா? எதிர்ப்பக்கம் வந்து விளக்கை நேராகப் பார்த்தால் ஆரஞ்சு நிறம், அதுதான் அந்தி. இன்னும் ஒரு கரண்டி விடுகிறேன். வெண்மேகம் ஆகிவிட்டது. இப்போது அரைக் குவளைப் பாலை ஊற்றுகிறேன். விளக்குப் பக்கம் பளிச்சென்று வெள்ளை, மறுபக்கம் இருட்டு.

வீட்டில் செய்து பாருங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கேட்ட அந்தப் பிள்ளை இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அம்மா, நீ கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் தப்பு. சரியான பதில் இந்தக் குவளையில் இருக்கிறது.